திருத்தணியில் அடி வாங்காத துரியோதனன்

வேண்டிக்கொண்டது என் மனைவி. மொட்டை எனக்கு.

அவள் நெஞ்சைத் திறந்து, உள்ளே எதையோ மாற்றி, மறுபடி தைத்து மூடி அனுப்பினார்கள். தள்ளுவண்டியில் உள்ளே போகும்போது, "நான் முழுசா வெளிய வந்தா திருத்தணி முருகனுக்கு இவர் முடியைக் குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு இடுப்பு வரை முடி. என் தலையில் இருந்தது காதோரம் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம். முருகனுக்கு இந்தப் பேரத்தில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஆனாலும் சாமிக்குச் சொன்னது சொன்னதுதான் என்று, படுக்கையில் இருந்தபடியே என்னை மலேசியாவில் கிள்ளானிலிருந்து கிளப்பிவிட்டாள்.

திருத்தணி எனக்குக் கேள்விப்படாத ஊர் இல்லை. என் பெயரே தணிகாசலம். அப்பா அந்த மலையடியிலிருந்து சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி வந்தவர். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டே அந்த மலையைப் பற்றிச் சொல்லுவார். சொல்லச் சொல்ல மலை வளரும். நான் லோரி ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில் அது மேகத்துக்கு மேலே போய்விட்டிருந்தது. நேரில் பார்த்தபோது, எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி வீடு இருந்த மேடு கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்ததுபோல இருந்தது. இதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. மொட்டை போட்டுக்கொள்ளப் போன இடத்தில் தலையையே கொடுத்துவிட்டு வரக்கூடாது.

போய்ச் சேருவதற்குள் ஒரு கூத்து நடந்தது. சென்னையில் மின்சார ரயில் ஏறினேன். நிற்க இடமில்லை. அரக்கோணம் வந்ததும் பெட்டி மொத்தமும் காலி. வெளிநாட்டிலிருந்து வந்த கிழவனுக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று காலை நீட்டி உட்கார்ந்தேன். பெட்டியைப் பெருக்க ஒரு அம்மாள் வந்தாள். என் காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா பெரியவரே, வண்டி இதுக்கு மேல போவாது. ஷெட்டுக்குப் போவுது. நீயும் கூடப் போறியா?"

இறங்கி, ஒரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். பாதி ஆயுள் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டினவன் நான். குலைகளை இவ்வளவு நெருக்கி நான் ஒருநாளும் அடுக்கியதில்லை. நசுங்கினால் எண்ணெய் ஆலையில் திருப்பி அனுப்பிவிடுவான். மனிதர்களுக்கு அந்த வசதி இல்லை.

பேருந்து நிலையத்தில் பாவா மொபெட்டோடு நின்றிருந்தார். பாவா என்றால் என் அத்தை மகன் தேவராஜு. அந்தப் பக்கத்தில் தமிழ் பேசும்போதும் தெலுங்கு உறவுமுறை கூடவே வரும். பொதட்டூர்பேட்டையில் லுங்கி வாங்கித் திருத்தணிக் கடைத்தெருவில் விற்பவர். இரண்டு பேருக்கும் போனில் பார்த்துப் பழகிய முகம். நேரில் அவர் பாதி உயரம்தான் இருந்தார். என் பெட்டியைப் பார்த்தார், மொபெட்டைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார்.

"மூணுல ஒண்ணு நடந்து வரட்டும் மச்சான்" என்றார்.

நான் நடந்தேன்.

வீட்டில் அவர் மனைவி சரோஜா கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். ஆடி மாதம், அம்மனுக்கு ஊற்றியது, ஒரு சொம்பு உள்ளே போனதும் வழியில் பட்ட பாடெல்லாம் இறங்கிப் போனது. கருவாடு வறுக்கும் வாசனை வந்தது. அது எனக்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். மொட்டை முடியும்வரை கவிச்சி கூடாதாம். வேண்டிக்கொண்டவள் அங்கே மீன் சூப் குடித்துக்கொண்டிருந்தாள், டாக்டர் சொன்னாராம்.

அவர்கள் மகள் மீனா. முப்பதை ஒட்டிய வயது. சென்னையில் நாடகம் படித்துவிட்டு வந்திருக்கிறாள். நாடகத்துக்குப் படிப்பு உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் தோட்டத்தில் நாடகம் போடுகிறவனுக்கு ஒரே தகுதி, அன்று சாயங்காலம் குடிக்காமல் இருப்பது. அதிலேயே பாதிப் பேர் தேற மாட்டார்கள். ஒரு தடவை அரிச்சந்திரன் மயானத்தில் நிஜமாகவே தூங்கிவிட்டான். சந்திரமதி அழுது முடித்து, எழுப்பிப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து அழுதாள்.

மீனா அந்த வாரம் ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று சாயங்காலம் பாட்டு நாடகம் போடுகிறாள். துரியோதனன் சாவு. ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபம் சும்மா கிடக்கிறது, மலிவாகக் கிடைத்தது.

"ராத்திரி முழுக்கக் கண்ணு முழிக்கணுமா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. ஆறரைக்கு ஆரம்பிச்சா கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி முடிஞ்சிடும்."

பாவா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "கேட்டியா மச்சான். ஜனங்க தூங்கறதுக்கு முன்னாலயே துரியோதனன் செத்துடுவானாம். எந்த ஊர்ல நடக்கும் இது?"

மறுநாள் காலையில் பாவாவோடு மலைக்குப் போனேன். படியேறினேன் என்று எழுத ஆசைதான். ஆட்டோவில் போனேன். மொட்டையடித்தவர் என் தலையைத் தடவிப் பார்த்தார். "ஏற்கெனவே ஆரம்பிச்சு வெச்சிருக்கீங்க" என்றார். அவர் கத்தியை நனைத்த நேரம்கூட ஆகவில்லை, வேலை முடிந்துவிட்டது. சந்தனம் பூசிக்கொண்டு சன்னதியில் நின்று, அவள் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. பின்னால் நின்றவர் முட்டித் தள்ளிவிட்டதால் சங்கடம் தீர்ந்தது.

இறங்கும்போது பாவா ஒரு விஷயம் சொன்னார். சூரனைக் கொன்ற கோபம் தணிந்து முருகன் உட்கார்ந்த மலையாம் இது. அதனால் மற்ற ஊர்களில் நடக்கிற சூரசம்ஹாரம் இங்கே நடத்துவதில்லையாம். கோபம் தணிந்த இடம் என்று பாவா சொல்லி வாய் மூடவில்லை, எங்கள் ஆட்டோக்காரரும் எதிரே வந்த ஆட்டோக்காரரும் இறங்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் மிச்ச தூரம் நடந்து வந்தோம்.

சாயங்காலம் மண்டபத்துக்குக் கிளம்பும்போது சரோஜா என் கையில் ஒரு தென்னந்துடைப்பத்தைக் கொடுத்தாள். புதிது. "அண்ணா, உங்களுக்கும் ஒண்ணு."

மண்டபத்தைப் பெருக்க ஆள் குறைகிறது போலிருக்கிறது, விருந்தாளியையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். தெருவில் பார்த்தால் எல்லாப் பெண்கள் கையிலும் துடைப்பம். மல்லிகைப்பூ, பட்டுப்புடவை, துடைப்பம்.

பாவா விளக்கினார். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் சாகிற அன்று பெண்கள் துடைப்பத்தோடு போவார்கள். படுத்திருக்கிற மண் பொம்மையையோ, வேஷம் கட்டியவனையோ ஒரு அடி அடித்தால் வீட்டைப் பிடித்த பீடை விடும். அடித்த துடைப்பத்தைக் களத்திலேயே போட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவந்தால் சண்டையும் கூடவே வரும்.

"இது திருவிழா இல்லியே பாவா, நாடகம்தானே?"

"துரியோதனன் சாவறான் இல்ல? பின்ன வெறுங்கையோட போவாங்களா?"

மீனா நோட்டீஸில் துரியோதனன் என்று மட்டும் போட்டிருக்கிறாள். துடைப்பம் வேண்டாம் என்று போடவில்லை. அங்கேதான் படிப்பு கோட்டை விட்டது. மண்டபத்து வாசலில் காவலாளி, செருப்பை வாங்கி வைப்பதுபோல எல்லாத் துடைப்பத்தையும் வாங்கி மதில் ஓரமாகச் சாத்தினார். முடியும்போது தருவார்கள் என்று ஜனங்கள் நம்பி உள்ளே போனார்கள்.

உள்ளே மேடையில் எவனுடைய கல்யாணத்துக்கோ கட்டிய தெர்மாகோல் வளைவு அப்படியே இருந்தது. நாடகம் மேடையில் இல்லை. நாற்காலிகளை இரண்டு பாதியாக எதிரெதிரே போட்டு, நடுவே வெறும் தரை. அந்தப் பக்கத்து ஜனங்கள் கொட்டாவி விடுவது நமக்குத் தெரியும், நாம் விடுவது அவர்களுக்குத் தெரியும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு குழல் விளக்கு. நடுவில் சமையலுக்கு வைத்திருக்கிற பெரிய அண்டா, அது நிறையத் தண்ணீர். அதற்குள் இடுப்பளவு உட்கார்ந்திருந்தார் துரியோதனன். கிரீடம் இல்லை, புஜகீர்த்தி இல்லை, முகத்தில் அரிதாரம் இல்லை. கட்டம் போட்ட லுங்கி. பாவா கடைச் சரக்கு என்று பார்த்ததும் தெரிந்தது.

பக்கத்தில் ஒரு பெரியவர், "குளத்துல ஒளிஞ்சிகினு இருக்கான்" என்று மனைவிக்குச் சொன்னார். "கொளமா? நம்ம கல்யாணத்துல சாம்பார் வெச்ச அண்டா அது" என்றாள் அவள்.

துரியோதனன் வேஷம் குப்புசாமி. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவர். சுற்று வட்டாரக் கூத்துகளில் வருஷா வருஷம் அவர்தான் துரியோதனன். நல்ல குரல். தண்ணீரில் உட்கார்ந்தபடி செத்துப்போன தம்பிகள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பாடினார். தொண்ணூற்றொன்பது பேரையும் கூப்பிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். பத்தோடு விட்டார். பீமன் வரவே இல்லை. மிருதங்கத்தில் இரண்டு அடி விழுந்தது, குப்புசாமி அண்டாவிலிருந்து வழிந்து தரையில் விழுந்தார். தொடை போய்விட்டது என்று நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நடுவில் வந்தாள். துரியோதனன் பெண்சாதி. அவன் தலையை மடியில் வைத்து,

"ஊருக்கெல்லாம் நீ எதிரி, எனக்கு மட்டும் புருசன்,
யாருக்காகத் தோத்தியோ, என்ன யாருகிட்ட விட்டியோ"

என்று ஒப்பாரி எடுத்தாள். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவன் மார்பில் வைத்தாள்.

நான் எழுந்து வெளியே போனேன். எனக்குச் சர்க்கரை, அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

திரும்பி வந்தபோது விளக்கு அணைந்து, முடிந்திருந்தது. மங்களம் பாடவில்லை. கூத்து என்றால் கடைசியில் எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்று மங்களம் பாடித்தான் அனுப்புவார்கள். இங்கே செத்தவனையும் அழுதவளையும் இருட்டில் விட்டுவிட்டு, போய் வாருங்கள் என்றார்கள். ஒரு பாதி ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். மறு பாதி மதில் ஓரம் போய்த் துடைப்பத்தை எடுக்காமலே அதைச் சுற்றி நின்றார்கள்.

விஷயம் இரண்டு. ஒன்று, யாரும் அடிக்கவில்லை. அடிக்காத துடைப்பத்தை வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, போடவும் முடியாது. இரண்டாவதுதான் பெரியது. அழுத பெண் ராணி, குப்புசாமியின் சொந்தப் பெண்சாதி.

"உசிரோட இருக்கிற புருசனுக்கு ஒருத்தி ஒப்பாரி வெப்பாளா? கூத்துக்காரன் செத்து விழறப்போ அவன் பொண்டாட்டி அந்தத் தெருப்பக்கமே வர மாட்டா" என்றாள் ஒருத்தி.

"இத்தன வருசமா அடிச்சோமே, அந்தாளுக்கும் ஒரு பொண்டாட்டி இருந்திருப்பாளேன்னு ஒருத்திக்காவது தோணுச்சா? எனக்கு இன்னைக்குத்தான் தோணுச்சு" என்றாள் மூக்கைச் சிந்தின கட்சி.

"தோணினதுல உனக்கு இன்னா வந்துச்சு?"

"அழுவ வந்துச்சு."

"அழுவறதுக்கு உங்க ஊட்ல மாமியார் இல்லியா?"

மறுநாள் காலையில் டீக்கடையில் நகரிப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவா எனக்குத் தமிழில் சொன்னார். ஒருத்தன், அந்தப் பாட்டைக் கேட்டு ராத்திரி பெண்சாதியிடம் சண்டை போடவே மனசு வரவில்லை என்கிறான். மற்றவன், அப்படியானால் அந்த நாடகத்தால் குடும்பம் கெட்டது என்று ஒத்துக்கொள் என்கிறான். டீ, எங்கள் ஊரில் இழுத்து ஆற்றித் தருகிற தே தாரிக்கில் பாதி அளவு. பேச்சு நாலு மடங்கு. அந்த விலைக்குக் குறை சொல்ல முடியாது.

நாங்கள் டம்ளரை வைப்பதற்குள் செய்தி வந்தது. குப்புசாமிக்குக் காய்ச்சல்.

மின்விசிறிக்குக் கீழே ஈர லுங்கியோடு ஒருத்தன் அண்டாத் தண்ணீரில் உட்கார்ந்தால் காய்ச்சல் வரும். லோரிக்காரனுக்கே தெரியும். ஆனால் திருத்தணியில் அந்தக் காரணம் யாருக்கும் போதவில்லை. கடைத்தெரு முழுக்க ஒப்பாரியால் வந்த காய்ச்சல் என்றே பேச்சு. பழம் விற்கிற அம்மாள் எனக்கே சொன்னாள், "பொண்டாட்டி வாயால அழைச்சிட்டா இல்ல, அது வந்துகினு இருக்குது." எது வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லவில்லை. கொய்யாப்பழத்தை மட்டும் பொறுக்கிக் கொடுத்தாள்.

பாவா வீட்டுக்கே ராணி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மீனாக்கா, நான் இன்னைக்குப் பாடல. எங்க மாமியா என்ன ஊட்டுக்குள்ளயே சேக்கல. வளையல ஏன்டி கயட்டினேன்றாங்கோ."

மீனா அவளை உட்கார வைத்தாள். "ராணி, மலை மேல இருக்கிறவரே சண்டை போதும்னுதான் வந்து உக்காந்தாரு. சம்ஹாரமே நடக்காத ஊரு இது. இங்க ஒருத்தன அடிக்காம விட்டு, அவனுக்காக ஒருத்தி அழுதா தப்பா?"

பாவா குறுக்கே வந்தார். "மேல சாமி ஊடு. கீழ ஜனங்க ஊடு. சாமிக்குக் கோவம் தணிஞ்சிதுன்னா ஜனங்களுக்கும் தணியணுமா? குப்புசாமிக்கு ஒண்ணு ஆச்சின்னா ஊரு உன்னத்தான் சொல்லும் மீனா. நீ மெட்ராசுக்குப் போயிடுவ. நான் கடை தொறக்கணும், இந்தப் பொண்ணு அந்த ஊட்ல குடித்தனம் பண்ணணும்."

மீனா முகத்தைப் பார்த்தால், தான் போட்ட கணக்கில் ராணியின் மாமியாரைச் சேர்க்க மறந்தது தெரிந்தது. ஆனாலும் முடிவை மாற்றுகிறேன் என்று அவள் வாயிலிருந்து வரவில்லை.

கடைசியில் குப்புசாமியே போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். காய்ச்சல் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் குறை வேறு.

"நைனா, நீங்களே சொல்லுங்க" என்றார் என்னிடம். "போன வருசம் ஒரு ஊர்ல பதினஞ்சு நாளு முதுவு வீங்கிப் போச்சு. அப்படி அடிச்சாங்கோ. அதுக்குப் பேரு நடிப்பு. நேத்து ஒருத்தி, ஒரே ஒருத்தி அடிச்சாளா? நான் இன்னா அவ்ளோ மோசமாவா நடிச்சேன்?"

"அவங்க அழுதாங்கப்பா" என்றேன்.

"அழுவாச்சி அவளுக்கு. எனக்கு இன்னா கெடைச்சுது?"

ராணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். கல்யாணமானவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது சாயங்காலமும் நடந்தது. கூட்டம் இரட்டிப்பு. பிடிக்காதவர்கள் எல்லோரும், எவ்வளவு பிடிக்கவில்லை என்று சரியாகத் தெரிந்துகொள்ள மறுபடி வந்திருந்தார்கள். மதில் ஓரம் நேற்றைய துடைப்பங்களோடு இன்றைய துடைப்பங்களும் சேர்ந்து அடுக்கிய விறகுபோல நின்றன. ராணி பாடினாள். பாட மாட்டேன் என்றவள், குப்புசாமி போகிறார் என்று கூடவே வந்துவிட்டாள். நான் அந்த இடத்தில் வெளியே போனேன். திரும்பி வரும்போது பாதி நாற்காலிகள் காலி. எழுந்து போனவர்கள் வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்கள் எப்போது வருவார்கள், திட்டலாம் என்று காத்திருந்தார்கள். குப்புசாமியைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. இந்தத் தடவை அவர் அடியைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மண்டபக்காரர் பாவா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, விரல் நிறைய மோதிரம்.

"ஆவணி பொறந்தா வரிசையா முகூர்த்தம் கீது எனக்கு. தாலி கட்ற எடத்துல ஒருத்தி தெனம் வளையல் கயட்றா. யாரு வந்து கல்யாணம் பண்ணுவான்? இன்னைக்கு வேணாம். பூட்டிக்கிறேன்."

மீனா கெஞ்சவில்லை. "ஒரு நாள்தான் இருக்கு, நடத்த விடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அது மூன்று வருஷ வேலை என்று சரோஜா எனக்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்.

மண்டபக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஃபாரின் பாத்தவரு. ஞாயம் சொல்லுங்க."

நான் பார்த்த ஃபாரின், தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலை, எண்ணெய் ஆலையிலிருந்து தோட்டம். அதை அவரிடம் சொல்லிப் பெருமையைக் குறைத்துக்கொள்வானேன். "இன்னைக்குப் பூட்டினா ஒப்பாரியோட நின்ன மண்டபம்னு பேராயிடும். முடிஞ்சிடுச்சுன்னு முடிச்சிட்டுப் பூட்டுங்க. அந்தத் துடைப்பமெல்லாம் உங்க மதில்லதான் சாஞ்சிருக்குது. அதை அடிக்காம யார் எடுப்பா?" என்றேன்.

பாதியாக இருக்கும் கெட்டதைவிட முழுதாக முடிந்த கெட்டது மேல் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அல்லது துடைப்பக் குவியல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சம்மதமாக ஆங் என்று எழுந்து போனார்.

சாயங்காலம் குப்புசாமி வருவாரா என்று யாருக்கும் தெரியாது. வந்தார். மாத்திரை போட்டு, ஊசி போட்டு, அண்டாவில் வெந்நீர் ஊற்றச் சொல்லி உட்கார்ந்தார். அது ஒன்றில் மட்டும் மீனா இறங்கி வந்தாள். குளத்திலிருந்து ஆவி வந்தது. "இன்னைக்குத்தான் சாம்பார் மாரியே கீது" என்றாள் முதல் நாள் பேசின அதே அம்மாள்.

தம்பிகளைக் கூப்பிட்டார். குரல் பாதிதான் வந்தது. அந்தப் பாதிக் குரலில் கேட்கும்போது தம்பிகள் நிஜமாகவே செத்தவர்களாக இருந்தார்கள். மிருதங்கம் விழுந்தது. அவர் விழுந்தார். விழுந்தது நடிப்பா, மயக்கமா என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஜனங்கள் கழுத்தை நீட்டினார்கள்.

நான் எழுந்தேன். வழக்கம்போல வெளியே போக வேண்டியதுதான். இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கி நின்று வழியை அடைத்துவிட்டார்கள். திரும்ப உட்கார்ந்தேன்.

ராணி வந்து தலையை மடியில் எடுத்தாள். முதல் அடியைப் பாடினாள். ஊருக்கெல்லாம் நீ எதிரி. கையை அவர் நெற்றியில் வைத்தாள், அது நாடகத்தில் இல்லை. சூடு எப்படி இருந்ததோ தெரியாது, பாட்டு நின்றுவிட்டது. ஆர்மோனியக்காரர் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். ஒரு வளையலைப் பிடித்தாள், இழுத்தாள், விட்டாள்.

தலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஜனங்களுக்கு நடுவே நடந்து வாசல் வழியாக வெளியே போனாள். அவ்வளவுதான், பயந்து ஓடிவிட்டாள் என்று நினைத்தோம். மீனா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ராணி திரும்பி வந்தாள். கையில் துடைப்பம்.

"எழுந்திரு யா" என்றாள். பாட்டில் இல்லை, வீட்டில் சொல்கிற குரலில். "போதும் படுத்தது. மாத்திர போட்ற நேரம் ஆச்சு." தோளில் ஒரு அடி வைத்தாள். தறிச் சத்தம்போல இருந்தது.

குப்புசாமி கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்ல. எழுந்து உட்கார்ந்து முதுகைக் காட்டினார்.

அதற்கப்புறம் நாற்காலி எது, ஜனம் எது என்று தெரியவில்லை. இரண்டு பாதிப் பெண்களும் மதிலுக்கு ஓடினார்கள். அழுத கட்சியும் அடித்தது, திட்டின கட்சியும் அடித்தது. முதல் நாள் ராணியைத் திட்டினவள், "நல்லா இரு, நல்லா இரு" என்று சொல்லிக்கொண்டே அவள் புருஷனை அடித்தாள். யாரும் கேட்காமலே ஆர்மோனியக்காரர் மங்களம் எடுத்தார். தெர்மாகோல் வளைவு சரிந்து விழுந்தது. மண்டபக்காரர் அதையும் நல்ல சகுனம் என்றார்.

மீனா தூணடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போனேன்.

"இது என் முடிவு இல்ல மாமா" என்றாள். "அவ அழுதிருக்கணும். அவங்க அந்தத் துடைப்பத்த வெச்சிகினு இன்னா பண்றதுன்னு தெரியாம ஊட்டுக்குப் போயிருக்கணும். இப்ப எல்லாரும் சந்தோஷமா போறாங்க. அப்புறம் நான் எதுக்கு?"

அவள் சொன்னதில் ஞாயம் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் ராணியின் மாமியார் மருமகள் கையைப் பிடித்து, கழற்றாமல் விட்ட வளையல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டையும் பார்த்தேன்.

மறுநாள் டீக்கடையில் இரண்டு கட்சியும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்றார்கள். குப்புசாமிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஒப்பாரி நின்றதால் என்றார்கள் சிலர், அடி விழுந்ததால் என்றார்கள் சிலர். ஊசி போட்ட டாக்டர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஒரே ஒரு துடைப்பம் மிச்சம். என்னுடையது. முந்தின ராத்திரி முழங்கால் வலியோடு நான் மதில் வரை போய்த் திரும்புவதற்குள் குப்புசாமியை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

சரோஜா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "அண்ணா, கோவிச்சிக்காதீங்க. அது உள்ள வரக்கூடாது."

"போட்டுடட்டுமா?"

"அடிக்காம போடக்கூடாது."

"அப்போ என்னா செய்ய?"

பாவா யோசித்தார். "எடுத்துகினு போ மச்சான். கடல் தாண்டினா செல்லுமோ செல்லாதோ, இன்னா கண்டோம்."

லுங்கியில் சுற்றிப் பெட்டிக்குள் குறுக்கே வைத்துக் கொண்டுவந்தேன். இங்கே விமான நிலையத்தில் சுங்கத்தில் பெட்டியைத் திறந்த மலாய்ப் பையன் நீண்ட நேரம் அதைப் பார்த்தான். "பாக்சிக், வீட்டில் துடைப்பம் இல்லையா?" என்று கேட்டான். பாக்சிக் என்றால் பெரியவர். "பெண்சாதிக்கு" என்றேன். என் மொட்டையையும் துடைப்பத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல் போகச் சொன்னான். பாவம், அவனுக்கும் கல்யாணமாகியிருக்கும்.

மனைவி கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தாள். என் தலையைப் பார்த்து, "முருகன் நல்லா ஏமாந்துட்டாரு" என்றாள். பிறகு துடைப்பத்தைப் பார்த்தாள். உள்ளே கொண்டுவராமல் வாசற்படியில் நின்றபடியே கதையைச் சொன்னேன். அண்டா, காய்ச்சல், மண்டபக்காரர், எல்லாம்.

"அந்தப் பொண்ணு என்னா பாட்டு பாடுனா?"

"நான் வெளிய போயிருந்தேன்."

"மூணு நாளுமா?"

"ரெண்டு நாளு."

"மூணாவது நாளு?"

"மறந்துபோச்சு."

அவள் தையல் போட்ட நெஞ்சை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். துடைப்பம் கனமில்லை. என் கையிலிருந்து வாங்கினாள், திரும்பச் சொன்னாள், முதுகில் ஒன்று வைத்தாள்.

நோயாளி அடித்த அடி மாதிரி இல்லை. பக்கத்து வீட்டு நாய் எழுந்து பார்த்தது.

"போதும். அதை வெளிய போட்டுட்டுக் குளிச்சிட்டு வாங்க. மீன் குழம்பு ஆறுது" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வந்து குளித்தேன்.